வீட்டில் கூடும் சபையும் ஒரு தம்பதியின் ஊழியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்களை எழுதுவது மனைவியாகிய நான். என் கணவர் ஒவ்வொன்றையும் வாசித்தார். இரண்டு இடங்களில் என்னோடு வாதிட்டார். ஒன்றில் நான் மாறினேன், மற்றதில் அவர் மாறினார். ஆகையால் "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் இருவருடைய சொல்லாகவே கொள்ளவும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், எங்கள் வீட்டு விறாந்தையில், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் ஓர் ஐக்கியம் கூடி வருகிறது. அதைப் பற்றி உறவினரும் அயலவரும் பிற சபைகளின் போதகர்களும், கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் விடுமுறைக்கு வருகின்ற நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

நீங்கள் இருவரும் யார்? முழுநேர ஊழியர்களா?

என் கணவர் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். கேற்றும் யன்னல் கிறில்லும் கிணற்று மூடியும் செய்து கொடுப்பது அவருடைய தொழில். நான் முன்பள்ளி ஆசிரியை. அவர் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பமொன்றில் பிறந்தவர். நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் கிறிஸ்துவை அறிந்தவள். இருவரும் வேதாகமத்தை மாலை வகுப்புகளிலும் தபால்மூலப் பாடங்களிலும் பயின்றோமேயன்றி, குருவாக அபிஷேகம் பெற்றவர்கள் அல்லர். ஊழியத்திற்காகச் சம்பளம் எடுப்பதும் இல்லை. தொழிலோடு சேர்த்து ஊழியம் செய்யும்போது நேரம் போதாமற்போகிறது என்பது உண்மைதான். ஆனாலும் கடைக்கு வந்த ஒருவர் கேற்றுக்கு அளவு சொல்லிவிட்டு, போகாமல் நின்று, தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்குகின்ற அந்தக் கால்மணி நேரம் மேடையில் நின்று பிரசங்கிப்பவருக்குக் கிடைப்பது அரிது.

தம்பதியாக ஊழியம் செய்ய வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறீர்கள்?

எங்கள் ஊரில் ஊழியக்காரரின் மனைவிக்கென்று ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை, கூட்டம் முடிந்ததும் குசினி. அவளைப் "பாஸ்டர் அம்மா" என்று மரியாதையோடு அழைப்பார்கள். ஆனால் வேதவசனத்தைப் பற்றி அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. திருமணமான புதிதில் நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன்.

எங்களை மாற்றியவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கிலவுதியு இராயனுடைய கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேற்றப்பட்ட யூதத் தம்பதி அவர்கள். அகதிகளாகக் கொரிந்துக்கு வந்து, கூடாரம் செய்யும் தொழிலைச் செய்து, அதே தொழிலையுடைய பவுலுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். புதிய ஏற்பாடு அவர்களை ஆறு இடங்களில் குறிப்பிடுகிறது. ஓரிடத்திலேனும் ஒருவரை விட்டு மற்றவரைக் குறிப்பிடவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்திலும் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்திலும் மனைவியின் பெயரே முதலில் வருகிறது. அப்பொல்லோ என்ற வல்லமையான பேச்சாளரின் அறிவில் குறை கண்டபோது, அவர்கள் அவரைச் சபை நடுவில் திருத்தவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு, இருவருமாக இருந்து விளக்கினார்கள். இடம்பெயர்வும் கைத்தொழிலும் விருந்தோம்பலும் சேர்ந்த இந்தக் கதையை வன்னியில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் முதன்முதலாக வாசித்தபோது, இது எங்களுடைய ஆட்களின் கதை என்றே எனக்குத் தோன்றியது.

எங்கள் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளைத் தொடர்ந்து பல தம்பதிகள் வந்தார்கள். உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் அகராதியால் பலரும் அறிவார்கள். பெண்பிள்ளைகள் படிப்பது வழக்கமாக இல்லாத காலத்தில், தாய்மாரோடு பேசி அந்தப் பிள்ளைகளைச் சேர்த்த வேலை அகராதிக்குக் குறைந்ததென்று நான் நினைக்கவில்லை.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. வீட்டில் அடிவாங்கும் பெண் என் கணவரிடம் அதைச் சொல்லமாட்டாள். அடிக்கின்றவன் என்னிடம் பேசமாட்டான். கிணற்றடியில் அவளும் கடையில் அவனும் ஒரே கிழமையில் பேசிய சந்தர்ப்பங்கள் உண்டு.

இத்தனை சபைகள் இருக்கும் யாழ்ப்பாணத்தில் இன்னொன்று எதற்கு?

இன்னொரு சபையை நாங்கள் தொடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரின் வரலாறு போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வருகிறது. அமெரிக்க மிஷனின் வழிவந்தவர்கள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் (திருமண்டலம்) ஆனார்கள். மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பள்ளிக்கூடங்களோடு இங்கே வேரூன்றியவர்கள். அவர்களுக்குப் பின்பு பெந்தெகொஸ்தே சபைகள் வந்தன. ஒரே ஒழுங்கையில் மூன்று பெயர்ப்பலகைகளைக் காணும் நிலையில் நான்காவதை நாட்டுவது கிறிஸ்துவின் சரீரத்துக்கு நன்மை செய்யாது என்று நம்புகிறோம்.

ஆகையால்தான் சனிக்கிழமையில் கூடுகிறோம். ஞாயிறு காலையில் அவரவர் தம் ஆலயத்துக்குப் போகிறார்கள். நாங்களும் எங்கள் ஆலயத்துக்குப் போகிறோம். எங்கள் ஐக்கியத்துக்குப் பெயரும் பலகையும் கிடையாது. ஒருவர் தம் சபையை விட்டுவிட்டு எங்களோடு மட்டும் இருக்க விரும்பினால், என் கணவர் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவருடைய போதகரிடமே முதலில் போவார். பெரும்பாலான மனத்தாங்கல்கள் ஒரு மணித்தியாலம் பேசினால் தீரக்கூடியவை. ஒரு சபையிலும் சேராதவர்கள் விசுவாசத்துக்கு வரும்போது, அவர்களுடைய வீட்டுக்கு அண்மையிலுள்ள ஆலயத்தில் ஞானஸ்நான ஆயத்தத்திற்குச் சேர்த்துவிடுகிறோம்.

அப்படியானால் சபை வாழ்வைப் பற்றிய உங்கள் தரிசனம் என்ன?

தரிசனம் என்ற சொல் இப்போது நோட்டீசுகளில் எண்ணிக்கையோடு வருகிறது: இத்தனை கிராமங்கள், இத்தனை ஆத்துமாக்கள். எங்களுடைய தரிசனம் சிறியது. ஒருவரையொருவர் முகம் பார்த்து உட்காரக்கூடிய அளவில் சபை வாழ்வு இருக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் அன்றைக்கு ஒருமுறையாவது வாய்திறக்க இடம் வேண்டும். ஒருவர் வராவிட்டால், அவர் வராதது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த மூன்றாவதைக் கடுமையான வழியில் கற்றோம். நாங்கள் போய்வந்த ஓர் ஆலயத்தில், வலதுபுறம் மூன்றாவது வாங்கில் எப்போதும் ஒரு முதியவர் தனியாக இருப்பார். வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பட்டையில் தையல் விட்டிருக்கும். ஆறு கிழமைகள் அவர் வரவில்லை. வீட்டில் விழுந்து, தனியாகக் கிடந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்ற அறிவித்தல் வாசிக்கப்பட்ட அன்றுதான் அந்த இடம் வெறுமையாக இருந்ததை நாங்கள் கவனித்தோம். அவருக்கு இரண்டு வாங்குகள் பின்னால் நாங்கள் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தோம். அந்தச் சேட்டின் பட்டை எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய பெயரை அறிவித்தலில்தான் அறிந்தேன். அதற்காக அந்த ஆலயத்தை நாங்கள் குறைசொல்லவில்லை, குறை எங்களுடையது. ஆனால் எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒழுங்கில் முதுகைத்தான் காணமுடியும் என்பதையும் அன்றைக்கு உணர்ந்தோம். இரண்டு மாதம் கழித்து விறாந்தையில் பாய் விரித்தோம்.

கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், சபை கூடிவரும்போது ஒருவர் சங்கீதத்தோடும் மற்றொருவர் போதகத்தோடும் வருவதாகப் பவுல் எழுதுகிறார். அங்கே வெறும் பார்வையாளர் என்று எவரும் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் கீர்த்தனை தொடங்குவார். ஒருவர் அந்தக் கிழமையில் வாசித்த வேதப்பகுதியைச் சொல்வார். ஒருவர் தன் வயலில் வெங்காயம் அழுகிப்போனதைச் சொல்லுவார், அதற்காக ஜெபிப்போம். அமைதியாக இருப்பவர்களையும் வற்புறுத்துவதில்லை. ஓர் ஐயா பதினான்கு மாதம் ஒன்றும் பேசாமல் வந்துபோனார். பின்பு ஒருநாள், "நான் இன்றைக்கு ஜெபிக்கட்டோ?" என்று கேட்டார்.

விறாந்தை ஏறத்தாழ இருபத்தைந்து பேரைக் கொள்ளும். அதைத் தாண்டியபோது கூடாரம் போடச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அதைச் செய்யாமல், வேறொரு தம்பதியின் வீட்டில் இரண்டாவது ஐக்கியத்தைத் தொடங்கினோம். பிரிந்து போன அன்று அழுதோம். அந்தத் தீர்மானம் சரியானதென்றே இன்றும் கருதுகிறேன்.

கூட்டத்தில் ஏன் எப்போதும் சாப்பாடு இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் யாழ்ப்பாணத்துச் சபையின் ஆழமான காயம் பந்தியில்தான் இருக்கிறது.

அமெரிக்க மிஷனின் தொடக்ககால விடுதிப் பாடசாலைகளில் உயர்சாதி என்று கருதப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ண மறுத்தார்கள். எழுத்தையும் வேதத்தையும் ஏற்றுக்கொண்டவர்கள் சோற்றை ஏற்கவில்லை. அதிலிருந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றைக்கு ஒரே ஆலயத்தில் ஒரே கிண்ணத்திலிருந்து திருவிருந்து எடுப்பவர்கள், ஒருவர் வீட்டுக் கலியாணத்தில் மற்றவர் கைநனைப்பாரா என்று கேட்டால் பலர் பதில் சொல்லாமல் இருப்பார்கள். சாதியைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. அடுத்தவர் வீட்டுப் புட்டை அவருடைய கையிலிருந்து வாங்கி உண்பது வேறு காரியம்.

எங்கள் கண்ணைத் திறந்த சம்பவம் இது. மூன்றாவது அல்லது நான்காவது கூட்டமாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தேன். வீட்டில் இருந்தவை பலவிதக் கோப்பைகள்: சில கண்ணாடி, சில பீங்கான், இரண்டு எவர்சில்வர். ஒரு பெரியவரிடம் பீங்கான் கோப்பையை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை. "பேப்பர் கப் இருந்தால் அதிலே தாங்கோ பிள்ளை, எனக்கு அது காணும்" என்றார். வீட்டில் பேப்பர் கப் இல்லை. அவர் எழுந்து, தான் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்ரிக் குவளையை எடுத்தார். அதன் விளிம்பு பல்லுப் பட்டுத் தேய்ந்திருந்தது. எங்கே போனாலும் தன்னுடைய குவளையைத் தானே கொண்டுபோகும் பழக்கம் அவருக்கு இருந்தது. பிறர் முகம் சுளிப்பதைக் காணாமல் இருப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. அவர் ஞானஸ்நானம் பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு முன்பு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய், ஒரே அச்சில் முப்பது எவர்சில்வர் குவளைகள் வாங்கி வந்தார். அடையாளம் எதுவும் பொறிக்கவில்லை. எது யாருடையது என்று எவராலும் சொல்லமுடியாது. கழுவி அடுக்கினால் அடுத்த கிழமை அந்தக் குவளை வேறொருவருடைய கைக்குப் போகும். அதோடு, சமையலும் வீட்டுக்கு வீடு மாறி வரும் என்று தீர்மானித்தோம். அந்தப் பெரியவரின் மனைவி சமைத்த முதல் கிழமையில் இரண்டு குடும்பங்கள் வரவில்லை. அதை எல்லாரும் கவனித்தோம். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம், வாதிடவில்லை, வந்து இருங்கள் என்று மட்டும் கேட்டோம். ஒரு குடும்பம் திரும்பி வந்தது, மற்றது வரவில்லை.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்து, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தவுடன் விலகிக்கொண்டபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பந்தியை விட்டு விலகுவதைப் பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதமானது என்று கண்டார். கொரிந்துவிலும் ஒருவன் பசியாயிருக்க மற்றவன் முந்திச் சாப்பிட்டதற்காகவே அவர் திருவிருந்தைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதினார். ஆகையால் எங்களுக்குச் சாப்பாடு என்பது கூட்டத்துக்குப் பிந்திய உபசரிப்பு அன்று, அதுவே ஆராதனையின் ஒரு பகுதி. ஆனால் திருவிருந்தை நாங்கள் வீட்டில் நடத்துவதில்லை. அதற்காக அவரவர் ஆலயத்துக்குப் போகிறோம்.

பிரசங்கம் இல்லையா?

உண்டு. இருபது நிமிடத்துக்கு மேற்படாது. ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை போவோம். நானும் என் கணவரும் கிழமை மாறிப் பேசுகிறோம், மாதத்தில் ஒருமுறை வேறொருவர் பேசுவார். பேசியபின் கேள்வி கேட்க இடம் உண்டு. கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்று எவரும் கருதக்கூடாது.

பெண் பேசுவதை வேதம் தடுக்கிறதே?

இதை எங்களிடம் உண்மையான மனவருத்தத்தோடு கேட்டவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறோம். பெண்கள் சபையில் பேசாமலிருக்கக்கடவர்கள் என்ற கட்டளை கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். பேசவே கூடாதென்றால் அந்த ஒழுங்கு எதற்கு? பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள். ஆகவே 14ஆம் அதிகாரத்தின் வசனம் அந்தச் சபையில் ஏற்பட்டிருந்த ஒரு குழப்பத்தைத் திருத்துவது என்றே வாசிக்கிறோம். இதில் எங்களோடு ஒத்துக்கொள்ளாத இருவர் பல ஆண்டுகளாக எங்கள் ஐக்கியத்தில் இருக்கிறார்கள். நான் பேசும் கிழமைகளிலும் வருகிறார்கள்.

ஓர் ஊழியம் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது ஆபத்தல்லவா?

ஆபத்துத்தான். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் தீர்மானித்து, ஒரே வீட்டில் கணக்கு வைத்து, பின்பு மகனுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் ஊழியங்கள் எப்படி முடிகின்றன என்பதைக் கண்டிருக்கிறோம். நாங்கள் கூடும் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி அது என்னுடைய சொத்து. சபைச் சொத்தாக ஒருபோதும் மாறாது, சபைப் பணம் ஒரு சதமும் அதன் சுவரிலோ கூரையிலோ சேரக்கூடாது என்று முதலாம் ஆண்டிலேயே எழுதி வைத்தோம். பொதுப்பணத்தை எங்கள் இருவரையும் தவிர்ந்த மூன்றுபேர் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் உறவினர் அல்லாத இளம்பெண். எங்கள் பிள்ளைகள் எவருக்கும் இந்த ஊழியத்தில் முன்னுரிமை கிடையாது. அவர்கள் கேட்கவும் இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது? தசமபாகம் வாங்குகிறீர்களா?

தசமபாகம் வாங்குவதில்லை, அது அவரவர் சபைக்குப் போக வேண்டியது. விறாந்தைக் கதவடியில் ஒரு ரின் இருக்கிறது. அதில் போடப்படுவது அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போகிறது. புலம்பெயர்ந்த நண்பர்கள் தாமாகத் தந்ததை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். படம் எடுத்து அனுப்பக் கேட்டவர்களிடம் வாங்கவில்லை. உதவி பெறும் தாயை மாப்பையோடு நிறுத்திப் படமெடுப்பது அவளை இரண்டாம் முறை ஏழையாக்குவது.

நுண்கடன் ஒரு பெரிய சுமையாக எங்கள் பெண்களின்மேல் இறங்கியிருக்கிறது. போருக்குப் பின்பு கிழமைக் கட்டணத்தில் கடன்தரும் நிறுவனங்கள் ஊருக்குள் வந்தன. ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுத்து, கட்டணக்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்வளவில் ஒளித்திருந்த சகோதரிகளை அறிவேன். கடனை நாங்கள் கட்டிவிடுவதில்லை, அதற்கு எங்களிடம் பணமும் இல்லை. கட்டணப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கடன்பட்ட சகோதரியோடு இருந்து, வட்டி எவ்வளவு முதல் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, புதிய கடன் எடுக்காமல் அடைப்பதற்கு ஒரு வழி வகுக்கிறோம். கட்டணக்காரர் வரும் நேரத்தில் இரண்டு பெண்கள் அந்தச் சகோதரியோடு போய் இருப்பார்கள். அன்றைக்கு அவரிடம் பேசுகின்ற தொனி மாறிவிடும்.

மதமாற்றம் செய்கிறீர்கள் என்று அயலவர் சொல்வதில்லையா?

சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு வரலாற்றில் காரணமும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் பெறுவதற்கும் திருமணத்தைப் பதிவதற்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. பெருந்தொகையானோர் தண்ணீர் தெளிக்கப்பட்டார்கள். ஆங்கிலேயர் வந்தபின் அவர்களில் மிகப் பலர் கோயில்களுக்கே திரும்பினார்கள். ஆதாயத்துக்காகப் பெற்ற ஞானஸ்நானம் எங்கே போய் நிற்கும் என்பதை எங்கள் ஊர் அனுபவத்திலேயே அறியும். ஆகவே உதவி பெறுகிறவரிடம் உதவியோடு சேர்த்து விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பதினெட்டு வயதாகாத பிள்ளையைப் பெற்றோரின் சம்மதமின்றிக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. எங்களுடைய விசுவாசத்தை மறைப்பதும் இல்லை. கேட்டால் சொல்கிறோம், மகிழ்ச்சியோடு சொல்கிறோம்.

என் அம்மா இன்றைக்கும் சைவர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து திருநீற்றோடு எங்கள் விறாந்தையில் உட்காருவார். தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அதே நாவலர் பின்பு சைவத்துக்காகப் பாதிரிமாரை எதிர்த்து எழுதினார். ஒருவரோடு ஒருவர் மேசையில் இருந்து சொல்லுக்குச் சொல் வேலைசெய்யவும், கொள்கையில் வேறுபட்டு நிற்கவும் இந்த மண்ணில் இடம் இருந்திருக்கிறது.

போரின் துக்கத்தை எப்படிக் கையாளுகிறீர்கள்?

எங்களில் பலர் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையில் மணிக்கணக்காகக் கடந்ததை அவர்கள் மறக்கவில்லை. பின்னர் வன்னியில் இறுதிப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும், 2009இல் படையினரிடம் கையளித்த மகன் எங்கே என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் தாயும் எங்களோடு இருக்கிறார்கள்.

முன்பு எங்கள் கூட்டத்திலும் சாட்சி என்றால் வெற்றியோடு முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அந்தத் தாய் தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது ஒரு சகோதரர் இடையில் "கர்த்தர் எல்லாவற்றையும் நன்மைக்கே செய்வார் அம்மா" என்றார். அவர் அன்பினால்தான் சொன்னார். ஆனால் அந்தத் தாய் பேச்சை நிறுத்திவிட்டார், அன்று மாலை முழுவதும் தன் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின் புலம்பல் சங்கீதங்களை வாசிக்கத் தொடங்கினோம். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வார்த்தை ஒன்றும் அதன் இறுதியில் இல்லை. அதை வாசித்து முடித்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் இருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் அந்த மகனின் பிறந்தநாளில் அவர் பால்புட்டு அவித்துக் கொண்டுவருவார். எல்லாரும் உண்போம், அவனுடைய பெயரைச் சொல்லி ஜெபிப்போம். செத்துப்போனான் என்றோ உயிரோடிருக்கிறான் என்றோ ஜெபத்தில் சொல்வதில்லை, அது அவருடைய விருப்பம்.

நோய்க்காக ஜெபிக்கிறீர்களா?

எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம். மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்தச் சொல்லும் எவரையும் பேச அழைப்பதும் இல்லை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கிய பூமியில், ஜெபத்துக்கும் மருந்துக்கும் பகை மூட்டுவது நன்றிகெட்ட செயல்.

நாங்கள் சொல்வது இரகசியமாகக் காக்கப்படுமா?

இதில் நான் தவறினேன். ஒரு சகோதரி, தன் கணவர் மறுபடியும் குடிக்கத் தொடங்கியதை என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். அன்று மாலை ஜெப விண்ணப்பமாக அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன், பெயர் சொல்லாமல்தான். ஆனால் விபரத்தைக் கேட்டவர்களுக்கு ஆளை அறியக் கடினமாக இருக்கவில்லை. புதன்கிழமைக்குள் சந்தையில் அவரிடமே கேட்டார்கள். ஏழு மாதம் அவர் எங்கள் படலையைத் திறக்கவில்லை. நான் மூன்றுமுறை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவருடைய காரியத்தை அவருடைய அனுமதியின்றி ஜெபத்தில்கூடச் சொல்லக்கூடாது என்ற ஒழுங்கு அதிலிருந்து வந்தது. வட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பம் போடுவதையும் அன்றோடு நிறுத்தினோம். பிள்ளைக்கு ஆபத்து இருக்கும் காரியம் மட்டும் இதற்கு விலக்கு. அதை உரிய சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு அறிவிப்போம் என்று எல்லாரிடமும் முதலிலேயே சொல்லியிருக்கிறோம்.

ஊழியம் உங்கள் குடும்ப வாழ்வைப் பாதிக்கவில்லையா?

பாதித்தது. ஐந்தாம் ஆண்டில், கிழமையில் ஆறு இரவுகள் வீட்டில் யாராவது இருந்தார்கள். எங்கள் இளைய மகள் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்று, "இன்றைக்கு ஆர் வருகினம்?" என்று கேட்டாள். ஒருவரும் வரவில்லை என்றேன். "அப்ப நான் அப்பாவுக்குப் பக்கத்தில இருக்கலாமோ?" என்றாள். அந்த இரவு நானும் அவரும் நித்திரைகொள்ளவில்லை. இப்போது திங்களும் வியாழனும் படலை பூட்டப்பட்டிருக்கும்; மரணமோ ஆஸ்பத்திரியோ என்றால் தவிர, எவருக்கும் திறப்பதில்லை.

எங்கள் இருவருக்கிடையே கோபம் இருக்கும் சனிக்கிழமைகளில் வேறொருவரைப் பேசச் சொல்கிறோம். காரணம் சொல்வதில்லை, ஆனால் பழையவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

திருமணமாகாதவர்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டா?

எங்கள் விறாந்தையில் பாதிப்பேர் அவர்கள்தான். தம்பதியாக ஊழியம் செய்வது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வழி. மருதனார்மடத்துக் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தார் துறவு வாழ்வில் அதே கர்த்தருக்கு ஊழியம் செய்து வந்திருக்கிறார்கள். உடுவிலில் நாற்பது ஆண்டுகள் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்த இலைசா அக்னியூ அம்மையாரும் மணமாகாதவரே.

உங்களை எப்படி அழைப்பது?

அண்ணா, அக்கா. வயதில் மூத்தவர்கள் தம்பி, பிள்ளை என்று அழைக்கிறார்கள்.

வர விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிப்போம். தூரத்திலிருந்து வருபவர்களையும் தனியாக வரும் பெண்களையும் ஓட்டோ வைத்திருக்கும் ஒரு சகோதரர் வீட்டில் கொண்டுபோய் விடுவார். வேதாகமம் இல்லாவிட்டால் இங்கே இருக்கிறது. காணிக்கை கொண்டுவர வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் சொன்னால் குரக்கன் புட்டு வேறாக அவிப்போம். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு என் கணவர் செய்த இரும்புக் கதிரைகள் எட்டு உண்டு. அவற்றையும் வட்டத்துக்குள்ளேயே போடுவோம். குவளை கொண்டுவர வேண்டாம்.